தட்டி போடாத வாளி

ஜப்பானில் எங்கள் ஊரான கோரியாமாவில் தங்கமீன் வளர்க்காத வீட்டை இன்றுவரை நான் பார்த்ததில்லை. பார்க்காமல் விட்ட வீடும் இல்லை. ஆகஸ்டு வெயில் சந்துக்குள் அசையாமல் நிற்கிறது. எதிர்வீட்டு ஹருயோ வாசல் தொட்டியருகே குந்தியிருக்கிறாள். செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் நானும் போய் நிற்கிறேன். போன வசந்தத்தில் இறந்த அவள் கணவர் கென்சுகே வளர்த்த மீன்களில் மிஞ்சிய ஒன்று, பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. குளோரின் வாடை என் மூக்கிலேயே ஏறுகிறது. "குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திட்டீங்களா, ஹருயோ-சான்? வாளியில பிடிச்சு ஒரு நாள் வெயில்ல வச்சுல்ல ஊத்தணும்!" "முப்பது வருஷமா வாளி வச்சது அவரு. எனக்குச் சோறு வைக்கத்தான் தெரியும்." இப்போது வைத்தால் நாளைக்குத்தான் ஆகும், அதுவரை மீன் தாங்காது. அப்போதுதான் இருவரும் பார்க்கிறோம். சுவரோரம் நீல வாளி, தளும்பத் தண்ணீர். பூனைக்குப் பயந்து கென்சுகே போடுவதுபோலவே மேலே மூங்கில் தட்டி. காலையில் அந்த இடம் காலி; என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "நீங்க வச்சதா?" என்கிறாள். "என் வீட்டு வாளியே ஓட்டை." அவள் விரலை விட்டு முகர்கிறாள். "வாடையே இல்ல. கைச்சூடா இருக்கு." மீனை வாளிக்கு மாற்றித் தொட்டியைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரோடு அதைத் தொட்டியில் விடுகிறாள். அது மெல்ல நிமிர்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. ஹருயோ வாளியைக் குழாயில் நிரப்பி அதே இடத்தில் வைக்கிறாள். "தட்டி போடலியா?" என்கிறேன். "அத அவரே போடட்டும்." ஒரு வாசலையும் விடாமல் பார்க்கிற நான், வீட்டுக்கு வந்து அவள் வாசலைப் பார்க்கும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.