பாதியில் திரும்புகிறவனுக்குப் பெண் கிடையாது

முன்னால் போன பியோ ஐயா மறுபடியும் நின்று இயற்கையை ரசித்தார்.

அவர் ரசித்தது ஒரு மரத்தை. இதற்கு முன்னால் ரசித்ததும் ஒரு மரம்தான். இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறார். முப்பது வருடமாக மலையேறுகிறவருக்குக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை போலிருக்கிறது.

அதற்குள் நான் ஒரு படியில் உட்கார்ந்து செத்துப் பிழைத்தேன்.

என் வாழ்க்கையில் இதுதான் முதல் மலை. அலுவலகத்தில் இரண்டாம் மாடிக்கே லிஃப்டில் போகிறவன் நான். ஆனால் என்னைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். பனிமலைக்குப் போகிறவன் போடுகிற மேல்சட்டை, பாம்பு கொத்தினாலும் பல் இறங்காத முழங்கால் உறை, இரண்டு கைக்கும் இரண்டு கம்பு. கொரியாக்காரன் தெருமுனைப் பூங்காவுக்கு நடக்கப் போனாலும் இப்படித்தான் போவான். எல்லாம் கடையில் வாங்கியது. மூச்சு வாங்குவது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

எல்லாம் போராவுக்காக. அவளைக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்கப் போன அன்று, அவள் அப்பா பியோ ஐயா சோற்றுக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை சொராக் மலைக்கு வா. உச்சியில வச்சுப் பதில் சொல்றேன். பாதியில திரும்புறவனுக்கு என் பொண்ணு கிடையாது."

சாதாரண ஆளா அவர்? மலையேறுவோர் சங்கத்தின் தலைவர். ஞாயிறு தவறாமல் சங்கத்தோடு கிளம்பி, பொழுது சாயும்போது முகம் சிவந்து, கால் தள்ளாட வீடு திரும்புவார். அவர் வீட்டுச் சுவர் நிறையப் படங்கள். சங்கத்துப் பெரியவர்கள் பதாகையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் பின்னால் ஒரு மலை.

அவருடைய செல்வாக்கை இன்று காலையில் அடிவாரத்திலேயே பார்த்துவிட்டேன். கடை வாசலில் வெங்காயத்தாள் அடை சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "தலைவரே, என்ன அந்தப் பக்கம் போறீங்க?" என்று கூவினாள். ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு எங்கே போனாலும் இந்தத் தொல்லைதான்.

அங்கிருந்து படி. படி முடிந்தால் இன்னும் படி. மலை என்று சொல்லிக் கூட்டிவந்து மாடிப்படியைக் காட்டினால் என்ன செய்வது?

அறுபதைத் தாண்டிய அக்காமார் கூட்டம் ஒன்று பைக்குள் ரேடியோ பாட, பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒருத்தி நின்று, ஒரு வெள்ளரிக்காயை ஒடித்து என் கையில் பாதியைத் திணித்தாள். மீதியை ஐயாவிடம் கொடுத்தாள். அது தலைவருக்குச் செய்த மரியாதை.

இறங்கி வந்தவர்கள் ஒருவர் விடாமல் ஒரே பொய்யைச் சொன்னார்கள். "இதோ வந்துடுச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான்." காலையிலிருந்து அதே ஐந்து நிமிடம். எங்கள் நாட்டில் இதற்கு அன்பு என்று பெயர்.

பாதி வழியில் இரண்டு கம்பையும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். திரும்பிவிடலாம் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியலைன்னா சொல்லிடுப்பா. இறங்கிடலாம். இதுல என்ன வெட்கம்?" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு கனிவை அதுவரை நான் கேட்டதில்லை.

எப்பேர்ப்பட்ட தந்திரம். போரா கைநழுவிப் போவது கண்ணெதிரே தெரிந்தது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. கம்புகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"எனக்கென்ன மாமா, இப்பத்தான் உடம்பே சூடாகியிருக்கு."

"யாருக்கு யாருடா மாமா?" என்றார். ஆனால் சொன்னதில் தெம்பில்லை. தன் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு நடந்தார். கல்யாணத்துக்கு முன்பே சீர் சுமக்கிற மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மதியம் தாண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று ஆளைத் தள்ளியது. பெயர் பொறித்த கல்லோடு படம் எடுக்க நீளமான வரிசை. எங்கள் ஆட்களுக்கு மலை எதற்கு, அந்தக் கல்லை அடிவாரத்தில் நட்டுவைத்திருந்தால் போதும்.

எங்கள் முறை வந்தது. ஐயா கல்லிடம் போனார். அதை மெதுவாகத் தொட்டார். தூரத்தில் தெரிந்த கடலைப் பார்த்தார். திரும்பவும் கல்லைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க பார்க்காத கல்லா ஐயா?" என்றேன்.

அவர் கல்லில் சாய்ந்து நின்றபடி, வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"முதல் படியிலேயே ஓடிப்போயிடுவேன்னு நினைச்சேன்டா, பாவி. நீ ஏறிக்கிட்டே இருந்தா நான் எப்படிடா நிக்கிறது?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. அடை சுட்ட அம்மா. பாவம் பார்த்து அவருக்கும் கொடுத்த பாதி வெள்ளரிக்காய். சுவர் நிறைந்த படங்கள். மலை மேல் நின்று எடுத்த படத்தில் அந்த மலையே எப்படிப் பின்னால் வரும்? முப்பது வருட ஞாயிறுகளும் அந்தக் கடையில், அடைக்கும் அரிசிக் கள்ளுக்கும் நடுவே கழிந்திருக்கின்றன.

வரிசையில் யாரோ சீக்கிரம் என்று முனகினார்கள்.

"வீட்டுல சொல்லிடாத" என்றார்.

"எதைச் சொல்லக்கூடாது, ஐயா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கல்லுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

"மாமான்னு கூப்பிடு."