தமிழில் கதைக்க ஒரு ஆள்

“இங்கிலீஸிலயே சொல்லும் பிள்ளை, எனக்கு நல்லா விளங்கும்.”

லண்டன் செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யோகராஜா அன்று வெர்னாவிடம் தமிழில் சொன்னது அது ஒன்றுதான். முருங்கைக்காய் இருக்கிறதா என்று அவள் வழியெல்லாம் உருப்போட்டு வந்து, பிழையில்லாமல் தமிழில் கேட்டிருந்தாள். அவரோ ஆங்கிலத்தில் விலை சொல்லி, ஆங்கிலத்திலேயே நன்றியும் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெர்னா சிகாகோவிலிருந்து லண்டனுக்குத் தமிழ் படிக்க வந்த கறுப்பினப் பெண். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். “உனக்கெதற்குத் தமிழ்?” என்று ஊரில் கேட்டார்கள். இங்கே பேராசிரியரும் கேட்டார். அவளோடு படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் அவர் அப்படிக் கேட்டதில்லை.

ஜூனில் வாய்மொழித் தேர்வு. தவறினால் உதவித்தொகை நின்றுபோகும். மூட்டை கட்ட வேண்டியதுதான். இலக்கணமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பேசிப் பழகத்தான் ஆளில்லை. வேற்று முகத்தைக் கண்டுவிட்டால் நம்மவர்களுக்கு ஆங்கிலம் பேசாவிட்டால் கௌரவக் குறைச்சலல்லவா? கோயில் ஐயர்கூட அவளுக்கு ஆங்கிலத்தில்தான் விபூதி கொடுத்தார்.

கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்தவளின் தோளை யாரோ தொட்டார்கள். கடையில் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்.

“ஏன் பிள்ளை அழுறீர்?”

“என்னுடன் எவரும் தமிழில் உரையாடுவதில்லை. நான் தேர்வில் தோல்வியுறுவேன்.”

அந்தப் பெண் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள்.

“நான் எமில்டா. எனக்கு இங்கிலீஸ் ஒரு சொல்லும் வராது. என்னோட கதைக்கிறதெண்டால் தமிழ்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும்.”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று வெர்னா பூரித்துப்போனாள்.

ஞாயிறுதோறும் எமில்டா அக்காவின் சமையலறைதான் அவளுக்கு வகுப்பறை. “தேநீர் அருந்துகிறேன்” என்றால், “அருந்துறதோ? தேத்தண்ணியைக் குடியும் பிள்ளை” என்று சிரிப்பாள் அக்கா.

வெர்னாவும் சும்மா இருக்கவில்லை. அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனாள். குழாய் திருத்த வந்த கவுன்சில்காரன் சொன்னதையெல்லாம் வியர்க்க வியர்க்கத் தமிழில் சொன்னாள்.

“விளங்கேல்லை பிள்ளை, இன்னொருக்காச் சொல்லும்,” என்பாள் அக்கா. வெர்னா வேறு சொல் தேடித் திரும்பவும் சொல்வாள்.

“நீர் இல்லாட்டி நான் இந்த ஊரில என்னெண்டு சமாளிப்பன்?”

அதைக் கேட்கும்போதெல்லாம் வெர்னாவுக்கு மனம் உருகும். இவ்வளவு செய்கிறவளுக்குத் தன்னால் இதாவது முடிகிறதே.

தேர்வு முடிந்ததும் பேராசிரியரே வியந்து கேட்டார்.

“இவ்வளவு சரளமாக யாரிடம் பழகினாய்?”

“ஆங்கிலம் தெரியாத ஓர் அக்காவிடம்,” என்றாள் பெருமையாக.

முடிவு வந்த அன்றே விசாவை நீட்டிக்கக் குரோய்டன் போக வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் அக்கா வீட்டுக்குப் போய் நேரில் சொல்லி, கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று கேக் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள்.

குடிவரவுக் கந்தோரில் பக்கத்துக் கவுண்டரில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் தழுதழுத்த குரலில் தமிழில் சொல்லச் சொல்ல, அருகிலிருந்த பெண்ணொருத்தி அதை அதிகாரிக்கு மடமடவென்று, பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். பழகிய குரலாக இருக்கிறதே என்று வெர்னா எட்டிப் பார்த்தாள்.

கழுத்தில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்ற அட்டை தொங்க நிமிர்ந்த எமில்டா அக்கா, அவளைக் கண்டு ஒரு கணம் திருதிருவென்று விழித்துவிட்டு, “என்ன பிள்ளை, பாஸோ?” என்று தமிழிலேயே கேட்டாள்.