மூடி போட்ட பிறகு

விரலை எடுத்தால் கத்தும்.

அதனால் எடுக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கேபிள் நுழையும் ஓட்டை வழியாக ஆள்காட்டி விரலை விட்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட்டின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களுக்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும்.

திரையில் பச்சைக் கோடு ஆடாமல் கிடந்தது.

தட்டையான ஒரு பலகை. அதில் பதினாறு ஆன்டெனாக்கள். சாட்டிலைட்டிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் சிக்னல் பாதி செத்துவிடும். அதைத் தூக்கி நிறுத்த ஒவ்வொரு ஆன்டெனாவின் முதுகிலும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். அத்தனையும் அவள் வரைந்தவை.

ஒரு வாரம் சோதித்தாள். பிரமாதம். எல்லாம் சரி என்று ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரு வாரமும் மூடியைத் திறந்து வைத்தே சோதித்திருந்தாள்.

சோதிக்கும் கருவியின் முனையை உள்ளே வைக்க வேண்டுமே. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ரிப்போர்ட் எழுதுவதற்கு முன் ஒரு தடவை மூடியும் பார்ப்பார்கள். அவள் இன்று காலைதான் மூடினாள்.

உலோக மூடி விழுந்ததும், ஸ்பீக்கர் முன்னால் நீட்டிய மைக் மாதிரி, ஆம்ப்ளிஃபையர் தன் குரலையே திரும்ப வாங்கிப் பெருக்கிக் கத்த ஆரம்பித்தது. காதுக்குக் கேட்காத கத்தல். திரையில் மட்டும் தெரியும். அதற்கு நடுவில் சாட்டிலைட்டாவது ஒன்றாவது.

மூடிக்கு அடியில் ரப்பர் ஷீட் ஒட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை. விரலுக்கு மட்டும் அடங்கியது.

பலகையையே திரும்ப வரைய வேண்டும். மாதக் கணக்கில் ஆகும்.

முதலாளி அரவாழி சார் உள்ளே வந்தார். கூடவே, தூத்தூரிலிருந்து பெட்டியை வாங்கிப் போக வந்திருந்த மீனவர் வறுவேல். ஆழ்கடலுக்குப் போகும் அவருடைய விசைப்படகில்தான் முதல் பெட்டி ஏறப்போகிறது. அவ்வளவு தூரத்துக்குக் கரையிலிருந்து எந்தச் செய்தியும் எட்டாது; சாட்டிலைட் வழியாக இந்தப் பெட்டிக்கு வந்தால்தான் உண்டு.

சார் திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அருமை. பேக் பண்ணிடலாமா?"

சொன்னால் வேலை போகும். இந்தக் கம்பெனியே இழுத்து மூடினாலும் மூடும். பயத்தில் தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டியது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது.

வறுவேல் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"காத்து, கோளு, புயலு வருதுன்னா இது சொல்லும், இல்லியா மக்ளே?"

அவளுக்குப் பதில் சார் சொன்னார். "கட்டாயம் சொல்லும்."

"அப்போ செரி. சொல்லிச்சுன்னா திரும்பீருவோம். ஒண்ணும் சொல்லேல்லன்னா போயிட்டேதான் இருப்போம்."

சார் சிரித்தார். வறுவேலும் சிரித்தார்.

அவளுக்கு விரல் வியர்த்தது.

"சார், நான் கையை எடுக்கப்போறேன். திரையைப் பாருங்க."

சார் அதே சிரிப்போடு திரும்பினார்.