குடாட் துறைமுகத்தின் சிவப்பு மிதவை

பட்டப்பகல். அலையில்லாத கடல். படகுக்கு வழிகாட்டும் மிதவைகள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருந்தன. பிறகு ஏன் லிகாயாவின் பாய்மரப் படகு குடாட் துறைமுக வாசலில் பாறையில் மோதியது? துறைமுக அதிகாரி ஜைனுதீனுக்கு அதுதான் விளங்கவில்லை. அவள் கணவன் ரோமுலோவின் உடல் கரையில் கிடந்தது.

"படகை ஓட்டினது யாரும்மா?"

"நான்தான் சார். 'பாறை தெரியுது, திருப்பு'ன்னு அவர் கத்தினார். 'மிதவைய விட உங்களுக்கு அதிகம் தெரியுமா, பேசாம இருங்க'ன்னு நான்தான்..."

"மிதவைய எந்தப் பக்கம் விட்டீங்க?"

"சிவப்ப வலப்பக்கம். பிலிப்பைன்ஸ்ல துறைமுகத்துக்குள்ள எப்பவும் அப்படித்தானே வருவோம்?"

ஜைனுதீன் கடலைக் காட்டினார். "மலேசியாவுல அது நேர்மாறும்மா. பச்சை மிதவைக்கும் சிவப்பு மிதவைக்கும் நடுவுலதான் ஆழம். நீங்க சிவப்புக்கு வெளிய போயிட்டீங்க. அங்க முழுக்கப் பாறை."

லிகாயா அழவில்லை. பாய்ந்துபோய் ஜைனுதீனின் வயர்லெஸ்ஸை எடுத்தாள். பின்னால் அவள் அண்ணன் நெஸ்டோரின் படகு வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள்.

"என்னடி, முந்திட்டோம்னு திமிரா?" வயர்லெஸ்ஸில் அண்ணன் சிரித்தான். "உன் சோம்பேறிப் புருஷன் எங்களுக்கு மீனாவது சுட்டு வச்சிருக்கானா?"

"அண்ணா, சிவப்பு மிதவைய இடப்பக்கம் விட்டுட்டு உள்ள வா," என்றாள்.