ஆளில்லாத தோப்பு

ஆத்தூரில் நாசர் பாய் புதிதாகக் கட்டிய விடுதிக்கு இளவேனில் வெப்சைட் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். முகப்புக்காக, விடுதியின் தென்னந்தோப்பைப் போன வாரம் அவளே படம் எடுத்திருந்தாள். அப்போது தோப்பில் ஒருவரும் இல்லை.

திண்டுக்கல் அலுவலகத்தில் மத்தியானம் உட்கார்ந்து, படம் ஒவ்வொரு திரையிலும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். போனில் பார்த்தபோது தோப்பின் கோடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். லேப்டாப்பில் பாதித் தூரம் வந்திருந்தார். பெரிய மானிட்டரில் அவர் தோள்பட்டையே படத்தை அடைத்தது. கேமராவில் எடுத்த படத்தைத் திறந்தாள். அதில் வெறும் மரங்கள்தான்.

பதறிப்போய்ப் படத்தை நீக்கப் போனபோது நாசர் பாய் போனில் கூப்பிட்டார்.

"நம்ம சைட்ட விடுதில இருக்குற பெரிய டிவில போட்டுப் பாத்தேம்மா. அம்புட்டு அழகா இருக்கு!"

"பாய், படத்துல யாராச்சும் நிக்கிறாங்களா?"

"யாருமில்லையே. தோப்புதான் தெரியுது."

திரை பெரிதாகப் பெரிதாக அவர் நெருங்கித்தானே வந்தார் என்று இளவேனில் யோசித்தாள்.

"செத்த இரும்மா, யாரோ கதவத் தட்டுறாங்க."

"தெறக்காதீங்க பாய்!" என்று கத்தினாள். அதற்குள் அவர் போனைத் துண்டிக்காமலே கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க" என்று பாய் வரவேற்றார்.