ரெண்டு பாஷை ஊடு

“இனிமே இந்த ஊட்டுக்குள்ள மலையாளம் பேசுனா சோறு கிடையாது. புருஷனா இருந்தாலுஞ் சரி!”

சுகந்தி சொன்னால் சொன்னதுதான். நெல்லியாளம் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்க அது தெரியும்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மகள் ஆஷ்லி நாலாவது படிக்கிறாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமை. ‘படம்’ என்பதை ‘மடம்’ என்பாள். நேற்றுப் படித்த வார்த்தையை இன்றைக்குப் புதுசாகப் பார்த்து முழிப்பாள்.

“அம்மா தமிழு, அப்பன் மலையாளம். ரெண்டு பாஷையில புள்ள குழம்பிப் போச்சு” என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

புருஷன் ஷிஜோவுக்குத் தமிழ் அரையும் குறையுமாகத்தான் வரும். பாவம், ஃபாக்டரி விட்டு வந்தால் மனுஷன் வாயே திறப்பதில்லை. மகளை ‘மோளே’ என்று மடியில் இழுத்துப் போட்டுக் கதை சொன்னதெல்லாம் அதோடு நின்றது.

மாசக்கணக்கில் இப்படியே ஓடியது. ஆனால் படிப்பு ஓரடி நகர்ந்தால்தானே!

ஒரு நாள் புது டீச்சர் மாலதி போன் செய்து வரச் சொன்னார். கொழுந்தை எடை போட்ட கையோடு ஓடினாள் சுகந்தி. வகுப்பு வாசலிலேயே அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆஷ்லி நடுவில் நின்று, கையை ஆட்டி ஆட்டி மலையாளத்தில் அளந்துகொண்டிருக்கிறாள். டீச்சர் வேறு ரசித்துச் சிரிக்கிறார்!

“நல்லா இருக்குதுங்க டீச்சர்! ஊட்டுல நான் வாயைக் கட்டி வெச்சா, இங்க நீங்க அவுத்து வுடறீங்களா?”

“உக்காருங்க சுகந்தி. அவ சொல்றது நம்ம தமிழ்ப் பாடத்துக் கதைதான். காலையில ஒரு தடவை படிச்சுக் காட்டினேன். தமிழ்ல அச்சு அசலா சொன்னா. மலையாளத்துல சொல்லுன்னேன், அதையும் சொல்றா. குழம்பின புள்ள இப்படிச் சொல்லுமா?”

அடேயப்பா, என் மகளா இது என்று பெஞ்சில் உட்கார்ந்தாள் சுகந்தி.

“அப்புறம் ஏனுங்க படிக்க மட்டும் வரமாட்டேங்குது?”

“காதுல விழுந்தா பிடிச்சுக்கறா. எழுத்தாப் பார்த்தாதான் நழுவுது. டிஸ்லெக்சியாவா இருக்கலாம். சோதிச்சுப் பார்க்க நானே கூட வரேன். புத்திக் குறைவும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. நாமதான் சொல்லித் தர்ற விதத்தை மாத்தணும்.”

சுகந்தி பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“படிக்கலைன்னு அடிச்சிருக்கேனே டீச்சர்! தெய்வமாட்டம் வந்து கண்டுபுடிச்சீங்க. அவங்கப்பனும் இருக்குதே, புள்ள படிப்பப் பத்தி ஒரு கவல உண்டா? மரமாட்டம் உக்காந்துட்டு!”

மாலதி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்டுபிடிச்சது நானில்லீங்க. போன வாரம் அவர்தான் வந்தார். தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார்: ‘டீச்சரே, நான் வளர்ந்த வீட்டுல ஒரே பாஷைதான், மலையாளம் மட்டும். எனக்கும் எழுத்து இதே மாதிரி நழுவித்தான் போச்சு. இன்னிக்கும் என் பேரு மட்டும்தான் எழுதத் தெரியும். சுகந்திக்கு இது தெரியாது. தெரிஞ்சாலும் பரவாயில்ல. என் மோளை யாரும் மண்டுன்னு சொல்லக் கூடாது.’”