சோகமாக ஒரு முகம்

பயணக் கட்டுரை எழுதுகிறவள் அந்நிய ஊரில், தன்னை விருந்துக்கு அழைத்தவளின் சமையலறையில் நிற்கிறாள். ஜன்னல் வெயில் தரையில் சாய்ந்து கிடக்கிறது. கூட வந்த புகைப்படக்காரன் புது ஃபிரிட்ஜைக் கிழிந்த போர்வையால் மூடுகிறான். "அக்கா, கண்ணாடியைக் கழட்டிட்டுக் கீழ உக்காருங்க. முகம் கொஞ்சம் சோகமா இருக்கட்டும். ஏழைன்னு பாத்ததும் தெரியணும்." இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் சிரித்துப் பேசிய வீட்டுக்காரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழிக்கிறாள். "எங்க வீடு நல்லா இல்லையாம்மா?" என்று மெல்லக் கேட்கிறாள். எழுதுகிறவள் அவளைப் பார்க்கிறாள். தன் எழுத்துக்குப் பக்கத்தில் அச்சாகப்போவது இந்த முகம்தான். நேரே போய்க் கேமராவுக்கு முன்னால் நிற்கிறாள். "தள்ளுங்க மேடம், மறைக்கிறீங்க." "தெரிஞ்சுதான் நிக்கறேன்" என்கிறாள்.